நாலு ஏக்கருக்கு எந்த டிராக்டர்? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அச்சரப்பாக்கம் என்ற பெயருக்கு நம்ம பக்கம் ஒரு கதை சொல்வார்கள். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் தேரேறிக் கிளம்பினார். விநாயகரை வணங்க மறந்ததால் தேரின் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆனது என்பது ஆட்சீஸ்வரர் கோயில் தல புராணம். கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் சாமி தேருக்கே அச்சு முறியும் என்றால், கடன் வாங்கி டிராக்டர் எடுக்கிற நமக்குச் சொல்லவே வேண்டாம்.

நம் கூட்டங்களில் புதிதாக வருகிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: “நாலு ஏக்கர் இருக்கு. ஆள் கிடைக்கல. எத்தனை எச்.பி. டிராக்டர் வாங்கலாம்?” கேள்வியில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. எச்.பி. மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை உழவு ஓட்டப் போகிறோம் என்பது. இரண்டாவது, நம் நிலம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது.

டிராக்டர் நல்லா உழும், ஆனால் சாணி போடாது என்று ஜே.சி. குமரப்பா சொன்னதாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உழவு மாடு வைத்திருப்பவர் அதை விட்டுவிட வேண்டாம். மாடும் இல்லை, ஏர் ஓட்ட ஆளும் இல்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பாடம்.

முதலில் ஏக்கர்-உழவைக் கணக்கிடுங்கள்

ஒரு ஏக்கரை ஒரு தடவை ஓட்டினால் அது ஓர் ஏக்கர்-உழவு. நாலு ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு நாலு உழவு என்றால் 4 × 2 × 4 = 32 ஏக்கர்-உழவு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு இயந்திரம் மணிக்கு எவ்வளவு ஓட்டும்? கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 6 ஆல் வகுங்கள். திரும்புகிற நேரம், நிற்கிற நேரம் எல்லாம் கழித்து மணிக்கு எத்தனை ஏக்கர் என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். மினி டிராக்டரில் 1 மீட்டர் ரோட்டவேட்டர், வேகம் 3 கி.மீ. என்றால் மணிக்கு அரை ஏக்கர். 45 எச்.பி. வண்டியில் ஒன்றரை மீட்டர் ரோட்டவேட்டர், வேகம் மூன்றரை கி.மீ. என்றால் மணிக்கு முக்கால் ஏக்கருக்கு மேல். அதாவது ஒரு ஏக்கருக்கு ஒரு மணி பத்து நிமிஷம்.

இனி பணக் கணக்கு. கீழே வருவதெல்லாம் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேர்த்து 5 லட்சம் என்று வைப்போம். பத்து வருஷம் கழித்து ஒன்றரை லட்சத்துக்குப் போகும்.

• தேய்மானம்: வருஷத்துக்கு 35,000
• வட்டி (சராசரி முதல் 3.25 லட்சத்துக்கு 10 சதவீதம்): 32,500
• இன்சூரன்ஸ், சர்வீஸ், கொட்டகை: 17,500
• மொத்தம்: 85,000

வண்டியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்த 85,000 நம் தலையில்தான். இனி ஓட்டுகிற செலவு. மினி வண்டிக்கு ஏக்கருக்கு இரண்டு மணி நேரம். டீசலும் ஓட்டுகிறவர் கூலியும் சேர்த்து 600 ரூபாய் என்று வைக்கலாம். வாடகைக்கு 45 எச்.பி. வண்டி மணிக்கு 1,200 என்றால் ஏக்கருக்கு 1,400 ஆகிறது. சொந்த வண்டியால் ஓர் ஏக்கர்-உழவுக்கு மிச்சம் 800 ரூபாய். 85,000-ஐ 800 ஆல் வகுத்தால் 106.

ஆக, வருஷத்துக்கு 106 ஏக்கர்-உழவு ஓட்டினால்தான் முதலுக்கு மோசமில்லை. நம்மிடம் இருப்பது 32. மானியம் ஒன்றரை லட்சம் கிடைத்தால்கூட 78 ஓட்டியாக வேண்டும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நாலு ஏக்கர் உள்ள நாலு குடும்பம் சேர்ந்தால் 128 ஆகிறது. அங்கே கணக்கு நேராகிவிடுகிறது. பங்காளிகளோ பக்கத்து நிலத்துக்காரர்களோ சேர்ந்து வாங்குவதுதான் சிறு நிலத்துக்குப் பொருத்தம். ஆனால் யார் ஓட்டுவது, டீசல் யார் போடுவது, மழை பெய்த மறுநாள் முதலில் யார் நிலம் என்ற மூன்றையும் வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வருவது மூன்றாவதில்தான்.

வாடகைக்கு எதிரான நியாயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் ஊரே ஒரே நாளில் வண்டி கேட்கும். நம்ம முறை வருவதற்குள் பதம் போய்விடும். மானாவாரி மணிலாவுக்கு இது பெரிய நஷ்டம். அந்த நஷ்டம் வருஷா வருஷம் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். அதையும் கணக்கில் சேருங்கள், ஆனால் தொகையாகச் சேருங்கள். எரிச்சலை விலையாகக் கொடுத்து வண்டி வாங்காதீர்கள்.

நிலம் எவ்வளவு எடையைத் தாங்கும்?

அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வட்டாரத்தில் ஒரே குடும்பத்துக்கு மூன்று வகை நிலம் இருக்கலாம். ஏரி ஆயக்கட்டில் களிப்பான நஞ்சை, மேட்டில் செம்மண், கிழக்கே செய்யூர், கடப்பாக்கம் பக்கம் போனால் தர்ப்பூசணியும் சவுக்கும் வருகிற மணற்பாங்கு. மூன்றுக்கும் ஒரே வண்டி சரிவராது.

45 எச்.பி. வண்டியின் எடை ஏறக்குறைய 2 டன். 20 முதல் 28 எச்.பி. வரையிலான மினி வண்டிகள் 600 முதல் 1,000 கிலோ. மேல் மண் இறுகுவது டயரின் காற்றழுத்தத்தால். அடிமண் இறுகுவது அச்சின் மேல் விழும் மொத்த எடையால். மேல் இறுக்கத்தை அடுத்த உழவில் சரி செய்யலாம், அடி இறுக்கம் லேசில் போகாது. மூடாக்கும் பலதானிய விதைப்பும் செய்து மூன்று வருஷம் வளர்த்த மண்புழு மண்ணை, ஈரத்தில் இறக்கிய கனமான வண்டி ஒரே நாளில் அமுக்கிவிடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் வண்டி இறக்கலாம். உருண்டையாகவே கிடந்தால் பொறுங்கள். சேற்றுழவு வேறு விஷயம். அதற்குக் கேஜ் வீலும், முடிந்தால் நாலு சக்கர இழுவை உள்ள வண்டியும் வேண்டும்.

இன்னொன்று, வழி. ஆயக்கட்டில் பலருக்கும் வண்டிப்பாதை கிடையாது. பக்கத்து வயலில் நடவு ஆவதற்குள் நாம் உள்ளே போய் வந்துவிட வேண்டும். இருபது சென்ட், முப்பது சென்ட் துண்டுகளில் பெரிய வண்டி மூலையை ஓட்டாமல் விட்டுவிடும். வரப்பின் இடைவெளி, கிணற்றடி, தென்னை வரிசை எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துகொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.

இப்போது எச்.பி.

விளம்பரத்தில் போடுவது இன்ஜின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் எச்.பி.; அது எப்போதும் குறைவு. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன், திரும்பும் வட்டம் எல்லாம் அதில் இருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள்.

தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

• ஒன்றரை ஏக்கர் வரை, காய்கறி, கீரை: பவர் வீடர் போதும். உழவுக்கு வாடகை வண்டி.
• நஞ்சை மட்டும், சிறு துண்டுகள்: பவர் டில்லர். நடந்து ஓட்டத் தெம்பு வேண்டும்.
• மூன்று முதல் எட்டு ஏக்கர், தென்னை, மா, வரிசைப் பயிர்: 18 முதல் 28 எச்.பி. வண்டி, 1 முதல் 1.2 மீட்டர் ரோட்டவேட்டர், அஞ்சு கொத்துக் கலப்பை.
• 35 எச்.பி.க்கு மேல்: கூட்டாக 15 ஏக்கருக்கு மேல் இருந்தால், அல்லது வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும்.

மினி வண்டியால் முடியாதவையும் உண்டு. உளிக்கலப்பை போட்டு அடி இறுக்கத்தை உடைக்கப் பெரிய வண்டிதான் வேண்டும். அது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வேலை, வாடகைக்கு எடுங்கள். தக்கைப்பூண்டு ஆளுயரம் வளர்ந்துவிட்டால் சின்ன ரோட்டவேட்டரில் நார் சுற்றிக்கொள்ளும். மினி வைத்திருப்பவர் தண்டு முற்றும் முன்பே மடக்கிவிட வேண்டும்.

ரோட்டவேட்டரே எல்லா உழவுக்கும் என்றும் ஆகிவிட வேண்டாம். மண்ணை மாவாக்கி, கத்தி படும் ஆழத்துக்குக் கீழே கெட்டிப்படுத்திவிடும். பசுந்தாள் மடக்க அதுவும், மற்ற உழவுக்குக் கொத்துக் கலப்பையும் போதும்.

டீலரைத் தேர்ந்தெடுப்பது

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். பதினைந்தாயிரம் குறைகிறது என்று அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் வண்டி எடுத்தேன். சம்பா உழவு நேரத்தில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் நின்றது. மெக்கானிக் வர நாலு நாள், ஸ்பேர் வர இன்னும் ஏழு நாள். 25 நாளில் பிடுங்க வேண்டிய நாற்று 40 நாளைத் தாண்டியது. தூர் கட்டவில்லை. பதினைந்தாயிரத்துக்கு மேல் நெல்லில் போனது. அந்தக் கடை எது என்பது இங்கே தேவையில்லை. தூரத்தைப் பார்க்காதது என் தப்பு.

அதனால் பிராண்டைப் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். காலையில் போய் மதியத்துக்குள் ஸ்பேரோடு திரும்புகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதோடு இவற்றையும் கேளுங்கள்:

1. என் நிலத்தில், என் வரப்பில் ஓட்டிக் காட்டுவீர்களா? ஷோரூம் முற்றத்தில் எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும்.
2. ஃபில்டர், கிளட்ச் பிளேட், ரோட்டவேட்டர் கத்தி, ஹைட்ராலிக் சீல் இப்போது கடையில் இருக்கிறதா? கண்ணால் பாருங்கள்.
3. மெக்கானிக் நிலத்துக்கு வருவாரா? வந்தால் என்ன கட்டணம்?
4. வண்டி, கருவி, பதிவு, இன்சூரன்ஸ் தனித்தனியாக எழுதிய கொட்டேஷன் தருவீர்களா? டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் விடாதீர்கள்.
5. இதே மாடலை இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய மூன்று பேரைச் சொல்ல முடியுமா? சொன்னால் நேரில் போய்ப் பாருங்கள்.

ஐந்தாவதற்குத் தயங்குகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடனும் மானியமும்

டீலர் மேஜையிலேயே கடன் கொடுக்க ஆள் உட்கார்ந்திருப்பார். ‘9 சதவீதம்’ என்றால், முதல் கடன் தொகை முழுவதற்கும் கடைசி வரை கணக்கிடும் வட்டியா, குறைகிற பாக்கிக்கு மட்டுமா என்று கேளுங்கள். முழுத்தொகைக்கு 9 என்றால், ஐந்து வருஷக் கடனில் உண்மை வட்டி ஏறக்குறைய 16 சதவீதம். தவணையை அறுவடையோடு ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் கேளுங்கள். எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். நாலு ஏக்கர் பத்திரத்தை அடகு வைத்துத்தான் அதை உழ வண்டி வாங்க முடியும் என்றால், இந்த வருஷம் வாங்க வேண்டாம்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி உழவர்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என மானியம் உண்டு. மாடலுக்கு ஏற்ப உச்சவரம்பும் உண்டு. உழவன் செயலியிலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ விண்ணப்பித்து, அனுமதி கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது.

வாங்காதவர்களுக்கு அதே செயலியில் இ-வாடகை இருக்கிறது. துறையின் டிராக்டர் மணிக்கு 500 ரூபாய்க்குக் கிடைத்து வந்திருக்கிறது. இப்போதைய கட்டணத்தைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்தில் வரிசை நீளும். முன்கூட்டியே பதிவு செய்தால் நல்லது.

தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி 2015-16 கணக்கெடுப்புப்படி 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. இத்தனை சிறு நிலத்துக்கு ஆளுக்கொரு டிராக்டர் கட்டுப்படியாகாது. சிறிய வண்டி ஒன்று நாலு வீட்டுக்குப் பொதுவாகவும், கன வேலைக்குப் பெரிய வண்டி வாடகைக்கும் என்பதே நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

இந்த வாரம் ஷோரூமுக்குப் போக வேண்டாம். போன வருஷம் எத்தனை ஏக்கர்-உழவு ஓட்டினோம், வாடகை எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். பேச்சு அங்கே தொடங்கட்டும்.