போர்வை தைக்க எந்த மிஷின்?

கேள்வி: வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் கொடுத்த கறுப்பு மிஷின், காலால் மிதிப்பது. வெட்டு மிச்சத் துணிகளைச் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். கொடைக்கானலில் ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, டபுள் கட்டில் அளவில் தைத்துத் தரச் சொல்கிறார். குழந்தைப் போர்வை வரை சிக்கல் இல்லை. பெரிய போர்வையில் மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது மேல்துணி தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் சுருங்கி நிற்கிறது. சுருட்டிய துணி மிஷினுக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. கையில் 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். தேனியில் ஒரு கடையில் நூற்றுக்கும் மேல் டிசைன் போடும் கம்ப்யூட்டர் மிஷினைக் காட்டுகிறார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார், பழைய பவர் மிஷின் பிடித்துத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கட்டும்?
– வாசகி, தென்கரை, பெரியகுளம்

பதில்: முதலில், அந்தக் கறுப்பு மிஷினை விற்றுவிடாதீர்கள். போர்வை வேலையில் பாதி அதில்தான் நடக்கப் போகிறது.

ஒட்டுத்துணிப் போர்வை இரண்டு வேலை. துண்டுகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது ஒன்று. அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்கு நேர்த்தையல் போதும். நல்ல நிலையில் இருக்கும் கறுப்பு மிஷின் அதை அழகாகப் போடும். காலால் மிதிப்பதால் ஒரு தையல், இரண்டு தையல் என்று நிறுத்தி நிறுத்திப் போகலாம். நாலு துண்டுகளின் மூலை சந்திக்கும் இடத்தில் அந்த நிதானம் வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது தையல் ஓரம். ஊசியிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, தகட்டின்மேல் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணியின் விளிம்பு அதில் உரசிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஒரு இணைப்புக்கு 2 மி.மீ. போய்விடும். பத்து இணைப்பு உள்ள வரிசை 2 செ.மீ. குட்டையாகும், பக்கத்து வரிசையோடு மூலை சேராது. புது மிஷின் வாங்கினாலும் இந்தக் கோளாறு கூடவே வரும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்களைப் படுத்துவது இரண்டாவது வேலை. அதில் உள்ள சிக்கலும் இரண்டு: இடம், இழுவை.

இடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 அங்குல அகலப் போர்வையின் நடுக்கோட்டில் தைக்கும்போது 45 அங்குலத் துணி, பஞ்சோடு சேர்ந்து, ஊசிக்கும் மிஷினின் வலதுபக்கத் தூணுக்கும் இடையில் அடங்க வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்து கால் இஞ்ச் கனம் என்றால், எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் கிட்டத்தட்ட நாலு அங்குல உருளை அது. வீட்டு மிஷின்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் ஆறரை, ஏழு அங்குலம்தான். உருளை உள்ளே போனபின் கையை அசைக்க இடம் இருக்காது. பவர் மிஷினில் அந்த இடம் சுமார் 10 அங்குலம். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். டிசைன் எத்தனை என்று கேட்கும் முன் இந்த இடைவெளியை அளந்துவிடுங்கள். பிரஷர் ஃபுட்டைத் தூக்கினால் எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்றும் பாருங்கள். பவர் மிஷினில் முழங்காலால் தூக்கும் நெம்புகோல் உண்டு. இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்தது இழுவை. கீழே இருக்கும் பல், அடித்துணியைப் பின்னால் இழுக்கிறது. மேலே அழுத்தும் ஃபுட், மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. நடுவில் பஞ்சு இருப்பதால் கீழ்த்துணி போகிற வேகத்துக்கு மேல்துணி போகாது. ஒவ்வொரு தையலிலும் ஒரு மயிரிழை பின்தங்கி, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு சுருக்கமாக நிற்கிறது. வீட்டு மிஷின்களுக்கு இதற்கென்றே ‘வாக்கிங் ஃபுட்’ என்று தனியாக விற்கிறார்கள். அதற்கும் பல் உண்டு, மேல்துணியைக் கீழ்த்துணியோடு சேர்த்தே நகர்த்தும். பவர் மிஷினில் ஃபுட்டின் அழுத்தத்தைத் திருகைத் தளர்த்திக் குறைத்து, வழுக்கும் டெஃப்ளான் ஃபுட் மாட்டினால் நேர்க்கோட்டு வேலைக்குப் போதும். ஆனால் எந்த மிஷினாக இருந்தாலும் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, ஒரு உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு ஊக்கு குத்தாமல் மிஷினில் ஏற்றாதீர்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். சுருக்கம் இருந்தால் ஓரத்துக்குத் தள்ளுப்பட்டு வெளியேறிவிடும்.

இப்போது கடைக்காரர் காட்டும் கம்ப்யூட்டர் மிஷின். நூறு டிசைனில் போர்வைக்கு வேண்டியது நேர்த்தையல், பூத்துண்டு ஒட்டித் தைக்க ஜிக்ஜாக், இன்னும் ஒன்றிரண்டு. மற்றவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள். உள்ளே இருக்கும் போர்டுக்கு மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகாது. கோடையில் நம் பக்கம் கரண்ட் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, ஆர்டர் கையில் இருக்கும்போது போர்டு போனால் சரிபார்க்க எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்பது. சொந்த ஆசைக்கு மாதம் ஒரு சின்னப் போர்வை தைப்பவருக்கு அது நல்ல மிஷின்தான். கடைக்குத் தைத்துப் பிழைக்கப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பவர் மிஷின் வாங்குங்கள். பழையது வேண்டாம், புதிது. தொழிற்சாலையில் ஷிப்ட் ஷிப்டாக ஓடிய மிஷினின் தேய்மானம் வெளியே தெரியாது. பழைய மிஷின்களில் கீழே தொங்கும் கிளட்ச் மோட்டார், நீங்கள் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்டையும் தின்னும், கால் பட்டால் பாயும். இப்போது மோட்டார் தலையோடு சேர்ந்தே வருகிறது. பெடலை அழுத்தினால்தான் ஓடும், வேகத்தை ஆமை நடைக்குக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். இந்த வகை மிஷின்கள் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடக்கூடியவை; போர்வைக்கு அந்த வேகம் தேவையே இல்லை. வேகக் கட்டுப்பாடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைத்தான் கடையில் கேட்க வேண்டும். வீட்டு 230 வோல்ட் லைனிலேயே ஓடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மேஜை, மோட்டாரோடு உங்கள் தொகைக்குள் வாங்கிவிட முடியும்.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. துணியை விருப்பம்போல் வளைத்து வளைத்துப் பூவும் கொடியும் போட, பல்லைக் கீழே இறக்கும் வசதி வேண்டும். பவர் மிஷினில் பொதுவாக அது கிடையாது. உங்கள் ஆர்டர் கட்டம், சாய்கோடு என்று நேர்க்கோட்டு வேலையாக இருக்கும்வரை குறை தெரியாது. பூ வேலையில்தான் மனம் என்றால் பல் இறங்கும் கனமான வீட்டு மிஷினைப் பார்த்துவிட்டு, போர்வை அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் அன்று ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் மூன்று அடுக்குத் துண்டு, உங்கள் நூல், இரண்டும் கையோடு இருக்கட்டும். கடைக்காரர் தரும் ஒற்றைத் துணியில் எல்லா மிஷினும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் துண்டில் 16 நம்பர் ஊசியில், இஞ்சுக்கு எட்டு ஒன்பது தையல் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நாலு கோடு ஓட்டுங்கள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூல் கொக்கி கொக்கியாக நின்றால் டென்ஷன் வைக்கச் சொல்லி மறுபடி ஓட்டுங்கள். பழுது பார்க்க ஆள் பெரியகுளத்துக்கே வருவாரா என்று கேட்டு, வருபவரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு விஷயம். மேஜை நாலு அடி நீளம். தலை மட்டுமே 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாடியில் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மேஜைக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் பெஞ்சு போடுங்கள். போர்வை கீழே தொங்கினால் அதன் எடையே துணியை இழுத்து ஊசியை முறிக்கும். இரண்டாவது எண்ணெய். பவர் மிஷினில் எண்ணெய்த் தொட்டி உண்டு, அதனால் தினமும் காலையில் முதல் ஐந்து நிமிடம் கழிவுத்துணியில் ஓட்டிவிட்டுப் போர்வையை வையுங்கள். கறுப்பு மிஷினுக்கும் மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

பணம் போதாவிட்டால்: தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் வேலையும் இருக்கிறது. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். தேனி மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இலவம்பஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே, அதை நடுவில் வைத்து மிஷினில் தைக்கலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: வேண்டாம். இலவம்பஞ்சு இழை குட்டை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் வழுவழுவென்று இருக்கும், ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. நெருக்கமாக நெய்த உறைக்குள் அடைத்துத் தலையணை, மெத்தை செய்ய அருமையான பொருள். போர்வைக்குள் வைத்தால் ஊசி ஓட்டை வழியாகக் கசியும், பாபின் பக்கம் அடைத்துக்கொள்ளும், ஒரு முறை துவைத்தால் மூலைக்கு ஓடிவிடும். தைக்கும்போது மூக்கிலும் ஏறும். சமவெளிக்கு என்றால் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள். ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டிச் சேலை துவைக்கத் துவைக்க மென்மையாகிற ரகம், அதைவிட நல்லது கிடைக்காது. மலைக்குப் போகும் போர்வைக்குப் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வாங்குங்கள், நாலு அங்குலத்துக்கு ஒரு கோடாவது தைத்துப் பிடியுங்கள். சுங்குடித் துணி சேர்ப்பதாக இருந்தால் தனியே நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டே வெட்டுங்கள். ஒரு சிவப்புத் துண்டு போதும், முழுப் போர்வையும் கெட.

கேள்வி: போர்வையை மிஷினில் தைத்தால் கைவேலையின் மதிப்பு போய்விடாதா?
– வாசகர், சின்னமனூர்

பதில்: கைத்தையல் போர்வைக்கு நம் நாட்டில் பெரிய மரபு உண்டு. வங்கத்தில் காந்தா. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி பெண்கள் தைக்கும் கவந்த். அவர்கள் ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் ‘பூலா’ என்று பூ வைக்காவிட்டால் போர்வை நிறைவு பெறாது. அந்த வேலையை மிஷின் செய்ய முடியாது, செய்கிறேன் என்று சொல்லவும் கூடாது. மிஷினில் தைத்ததை மிஷினில் தைத்தது என்றே சொல்லி விற்க வேண்டும்.

ஆனால் மிஷினில் தைப்பதால் தைப்பவரின் உழைப்பு தாழ்ந்துவிடாது. 1924-ல் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று ஓர் இளைஞர் கேட்டபோது, காந்தி விதிவிலக்காகச் சொன்னதே சிங்கர் தையல் மிஷினைத்தான். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் விளக்கம். கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து, திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர் அவர்தான். துண்டுகளைத் தேர்ந்து, நிறம் சேர்த்து, மூலை பொருத்துவதெல்லாம் மிஷின் வந்தபின்னும் கை வேலைதான். தென்கரை வாசகிக்குக் கிடைக்கப்போவது தோள் வலியில்லாத ஒரு மாலைப்பொழுது, அதற்கு முழு உரிமை அவருக்கு உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் ஊருக்கு வரும்போது அங்கிருந்து மிஷின் வாங்கி வரட்டுமா என்கிறாள்.
– வாசகி, கம்பம்

பதில்: அங்கே வீடுகளில் 120 வோல்ட். நம் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றே புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் பழுதானால் பாகம் கிடைக்காது. மிஷின் வேண்டாம். வாக்கிங் ஃபுட், கால் இஞ்ச் ஃபுட், துணி வெட்டும் உருளைக் கத்திக்கு மாற்று பிளேடு, இவற்றை வாங்கி வரச் சொல்லுங்கள். பெட்டியில் இடமும் பிடிக்காது. வாங்கும் முன் உங்கள் மிஷினில் ஃபுட்டை இறக்கிவைத்து, அதை மாட்டும் திருகின் நடுவிலிருந்து தகடு வரை அளந்து மகளுக்கு அனுப்புங்கள். முக்கால் இஞ்ச் அளவில் இருந்தால் ‘லோ ஷாங்க்’ என்று போட்டதை வாங்கட்டும். ஒன்றேகால் இஞ்ச் என்றால் ‘ஹை ஷாங்க்’.