மேடையில் கத்தலாமா?

பள்ளி விழாவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். கடைசி வரிசைக்குச் சொல் விளங்கவில்லை. கவனித்திருக்கிறீர்களா?

'படம்', 'தடம்', 'கடம்' - இவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யொலியே. அதன் ஆற்றலோ மிகக் குறைவு. கத்தும்போது பெரிதும் வலுப்பது உயிரொலிதான். மெய்யொலி அதில் அமுங்கிவிடுகிறது.

சுவர்களும் சேர்ந்துகொள்கின்றன. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் புது விரிவுரை மண்டபம் ஒன்றில், சொன்ன சொல் 5.5 விநாடி ஒலித்துக்கொண்டிருந்தது! அடுத்த சொற்கள் அதில் மூழ்கின. வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, அந்த எதிர்முழக்கம் குறைவதை அளந்தார்.

நாம் மெத்தைக்கு எங்கே போவது? வாக்கியந்தோறும் சற்று நிறுத்துங்கள். முந்திய முழக்கம் அடங்கட்டும். நண்பனைக் கடைசி வரிசையில் அமர்த்தி, அம்மூன்று சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லி எழுதச் செய்யுங்கள். முதலில் கத்தி, பிறகு நிதானமாக. எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள்.