தேதிக் கட்டம் காலியாக வருவது ஏன்?

வெப் படிவம் ஒன்றில் தேதிக்கு ஒரு கட்டம் வைத்து, டேட்டாபேஸில் ஏற்கனவே உள்ள தேதியை அதில் காட்ட முயன்றிருக்கிறீர்களா? பெயர் வரும், முகவரி வரும், போன் நம்பர் வரும். தேதிக் கட்டம் மட்டும் காலியாக நிற்கும். எர்ரர் செய்தி எதுவும் வராது. பி.எச்.பி. கற்றுக்கொள்பவர்களில் இதில் மாட்டாதவர்கள் குறைவு. வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆன பிறகும் நான் மாட்டினேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு சிறிய ரோலிங் மில்லுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் விவரங்களைப் பதிவு செய்ய ஒரு படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன். பெயர், ஊர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, போன் நம்பர், அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து பி.எஃப். கணக்குக்கான பட்டியல் எடுத்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேர்ந்த தேதியே இல்லை. டைம் ஆபீசில் இருந்த பெரியவரைக் கேட்டால், "தம்பி, நான் போன் நம்பரை மட்டும்தான் மாத்தினேன். தேதி பக்கம் கையே வைக்கலை" என்கிறார். அவர் சொன்னது உண்மை. தேதியை அழித்தது என் புரோகிராம்.

எப்படி என்று பார்ப்போம். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

எச்.டி.எம்.எல். ஐந்தில் இன்புட் கட்டத்தின் டைப்பை 'டேட்' என்று கொடுத்தால், பிரவுசரே காலண்டரைக் காட்டிவிடும். குரோமில் 2012-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2017-லும், மேக் கம்ப்யூட்டர்களில் உள்ள சஃபாரியில் 2021-லும் இந்த வசதி வந்தது. ஆகவே இன்று இதற்காகத் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் காலண்டர் தேட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்டத்தின் 'வேல்யூ' ஒரே ஒரு வடிவத்தைத்தான் ஏற்கும். முதலில் நான்கு இலக்க வருடம், ஒரு சிறு கோடு, இரண்டு இலக்க மாதம், ஒரு சிறு கோடு, இரண்டு இலக்க நாள். அதாவது 2024-03-05. இது 1988-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் வடிவம். நீங்கள் சர்வரிலிருந்து 05/03/2024 என்று அனுப்பினால் பிரவுசர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலிக் கட்டத்தைக் காட்டும். 2024-3-5 என்று பூஜ்யம் இல்லாமல் அனுப்பினாலும் அதே கதிதான். டேட்டாபேஸில் 'டேட்டைம்' வகை ஃபீல்டு வைத்திருந்தால் 2024-03-05 00:00:00 என்று நேரத்தோடு சேர்ந்து வரும். அதையும் ஏற்காது; முதல் பத்து எழுத்துக்களை மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

நான் செய்த தவறு இதுதான். நம் ஊர்க்காரர்கள் பார்க்கப் போகிறார்களே என்று தேதியை 05/03/2024 என மாற்றி வேல்யூவில் வைத்தேன். கட்டம் காலியாக வந்தது. பெரியவர் போன் நம்பரை மாற்றி 'சேவ்' அழுத்தினார். காலிக் கட்டமும் சேர்ந்து சர்வருக்குப் போனது. என் புரோகிராம் அதைக் கேள்வி கேட்காமல் பழைய தேதியின் மேல் எழுதிவிட்டது.

சரி, திரையில் 05/03/2024 என்று காட்டுவது யார்? பிரவுசர். கம்ப்யூட்டரில் உள்ள மொழி, நாடு செட்டிங்கைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். விண்டோசில் ஆங்கிலம் (அமெரிக்கா) என்று இருந்தால் அதே தேதி 03/05/2024 என்று தெரியலாம். சூப்பர்வைசரின் செல்போனில் 05/03/2024 என்று இருக்கும். இரண்டிலும் உள்ளே இருப்பது 2024-03-05 மட்டுமே. இதை சர்வரிலிருந்து மாற்ற முடியாது. நான் செய்வது, கட்டத்தின் பக்கத்திலேயே '5 மார்ச் 2024' என்று மாதத்தின் பெயரோடு ஒரு வரி காட்டுவது. டைம் ஆபீசில் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள்.

பி.எச்.பி.யில் எழுத்து மாறினால்

பி.எச்.பி.யின் 'டேட்' ஃபங்ஷனுக்குத் தர வேண்டிய வடிவம்: பெரிய ஒய், சிறு கோடு, சிறிய எம், சிறு கோடு, சிறிய டி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். சிறிய ஒய் கொடுத்தால் வருடம் 24 என்று இரண்டு இலக்கத்தில் வரும். பெரிய எம் கொடுத்தால் மாதத்தின் பெயர் மூன்றெழுத்தில் வரும். பெரிய டி கொடுத்தால் கிழமை வரும். இதில் எதைக் கொடுத்தாலும் கட்டம் காலிதான்.

ஜாவாவும் டாட்நெட்டும் இன்னும் குறும்பானவை. அங்கே பெரிய எம் இரண்டு போட்டால் மாதம், சிறிய எம் இரண்டு போட்டால் நிமிடம். மாற்றிப் போட்டுவிட்டு 8 மணி 45 நிமிடத்துக்குச் சோதித்தால் 2024-45-05 என்று வரும். கட்டம் காலியாகும், தவறு தெரிந்துவிடும். 9 மணி 10 நிமிடத்துக்குச் சோதித்தால்? 2024-10-05. அழகாக அக்டோபர் காட்டும்! ஜாவாவில் வருடத்துக்குப் பெரிய ஒய் நான்கு போடுபவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் தண்டனை உண்டு. அது வாரக் கணக்கு வருடம். 2024 டிசம்பர் 30-ஐ 2025-12-30 என்று காட்டும். சிறிய ஒய்தான் போட வேண்டும்.

ஒரு சாய்கோடு செய்த வேலை

மேலே சொன்ன படிவத்துக்கு முன்னால் அதே மில்லில் ஒரு பழைய படிவம் இருந்தது. அதில் காலண்டர் கிடையாது. சாதாரண டெக்ஸ்ட் கட்டத்தில் 05/03/2024 என்று டைப் செய்வார்கள். சர்வரில் அதை 'ஸ்ட்ர்-டு-டைம்' என்ற ஃபங்ஷனில் போட்டு மாற்றுவோம். பல புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும்.

இந்த ஃபங்ஷன் ஒரு விதி வைத்திருக்கிறது. இடையில் சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறை, அதாவது மாதம் முதலில். சிறு கோடோ புள்ளியோ இருந்து வருடம் நான்கு இலக்கமாக இருந்தால் நாள் முதலில். ஆகவே 05-03-2024 மார்ச் 5 ஆகும்; 05/03/2024 மே 3 ஆகிவிடும். 25/03/2024 கொடுத்தால் 25-வது மாதம் கிடையாது என்பதால் ஃபங்ஷன் தோற்று 'ஃபால்ஸ்' தரும். அதைச் சோதிக்காமல் 'டேட்' ஃபங்ஷனுக்கு அனுப்பினால் 1970-01-01 வரும். ஒரு பட்டியலில் பல பேர் 1970 ஜனவரி 1-ல் பிறந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

1970 வந்தால் கண்ணில் பட்டுவிடும், பரவாயில்லை. ஆபத்தானது சத்தமில்லாமல் இடம் மாறும் தேதி. கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இப்படி மாறக்கூடியவை. மொத்தம் 144 நாட்கள். அதில் 1/1, 2/2 என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் 12 நாட்களைக் கழித்தால் 132. வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

இது வெறும் காகிதப் பிழை அல்ல. பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் 2014 செப்டம்பர் 1 முதல் ஒரு மாற்றம் வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ முதன்முறையாகச் சேர்ந்தவருக்கு அப்போது சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை. அதற்கு முன் சேர்ந்தவர் உள்ளே இருக்கலாம். அந்த நாளை 01/09/2014 என்று டைப் செய்து பாருங்கள். ஸ்ட்ர்-டு-டைம் அதை ஜனவரி 9 என்று படிக்கும். எட்டு மாதம் முன்னால் போய் எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் நிற்கும். பல வருடம் கழித்துப் பணம் கேட்கும்போதுதான் பிரச்சினை வெளியே வரும். அதற்குள் தொழிலாளி எந்த ஊரில் இருப்பாரோ!

தீர்வு: கட்டத்தில் வரும் வடிவம் என்னவென்று உங்களுக்குத் தெரியும், பி.எச்.பி.யை ஊகிக்க விடாதீர்கள். 'டேட்டைம்' கிளாஸில் உள்ள 'கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்' மெத்தடைப் பயன்படுத்துங்கள். முதல் மதிப்பாக வடிவம், இரண்டாவதாக வந்த தேதி. வடிவத்தின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் இப்போதைய நேரம் தேதியோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது ஒன்றாக இருப்பவையும் வேறு என்று வரும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 31/02/2024 என்று இல்லாத தேதியைக் கொடுத்தால் மறுக்காது, கணக்குப் போட்டு மார்ச் 2 என்று தந்துவிடும். எனவே கிடைத்ததைத் திரும்ப அதே வடிவத்தில் மாற்றி, முதலில் வந்ததோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லையென்றால் தேதி தவறு. 'செக்டேட்' ஃபங்ஷனும் இதற்கு உதவும், ஆனால் அதில் மாதம், நாள், வருடம் என்ற வரிசையில் தர வேண்டும். இங்கும் அமெரிக்கா!

கட்டம் காலியாக வந்தால் என்ன செய்வது என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். ஏற்கனவே தேதி உள்ள ரெக்கார்டைத் திருத்தும்போது காலி வந்தால் நான் இப்போது சேவ் செய்வதில்லை, செய்தி காட்டி நிறுத்திவிடுகிறேன். பிரவுசர் கட்டத்தில் 'மின்', 'மேக்ஸ்' வைத்திருந்தாலும் சர்வரில் மறுபடி சோதிக்கத்தான் வேண்டும். பிரவுசரைத் தாண்டி யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம்.

டேட்டாபேஸில் 'டேட்' வகை ஃபீல்டே வையுங்கள். மை எஸ்க்யூஎல் அதை 2024-03-05 வடிவத்தில்தான் தரும், அப்படியே வேல்யூவில் போட்டுவிடலாம். அரசு வலைத்தளங்களுக்கு அனுப்பும்போது மட்டும் அவர்கள் கேட்கும் வடிவத்துக்கு மாற்றினால் போதும். எளாவூர் தாண்டி ஆந்திராவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிக்கான ஈ-வே பில் ஜேசான் ஃபைலில் நாள்/மாதம்/வருடம் என்றுதான் இருக்க வேண்டும். அதை அனுப்பும் கடைசி வரியில் மாற்றுங்கள், டேட்டாபேஸில் அல்ல.

இரவு ஷிப்டில் ஒரு நாள் பின்னால்

இதெல்லாம் சரிசெய்து கொடுத்த பிறகும் ஒரு புகார் வந்தது. சி ஷிப்ட், அதாவது இரவு ஷிப்டில் போடும் கேட் பாஸில் மட்டும் தேதி தவறு. பகலில் நான் எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே வந்தது.

காரணம், புரோகிராம் இருந்த சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். எனவே இங்கே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இரவு ஒன்றரை மணிக்கு வரும் லாரிக்கு முந்தின நாள் தேதி போட்டுக் கொடுக்கும். ஏப்ரல் 1 அன்று அப்படி வந்தால் போன நிதியாண்டில் போய் விழும்.

இதற்கு, புரோகிராமின் தொடக்கத்தில் 'டேட்-டிஃபால்ட்-டைம்சோன்-செட்' ஃபங்ஷனில் 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுங்கள். மை எஸ்க்யூஎல்லின் 'கர்டேட்' ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கனெக்‌ஷன் திறந்தவுடன் அதன் 'டைம்சோன்' மதிப்பையும் +05:30 என்று வையுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கம். ஷிப்ட் தேதி என்பது வேறு விஷயம்: நாலாம் தேதி இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் ஐந்தாம் தேதி காலை முடியும். சம்பளக் கணக்கில் அது நாலாம் தேதிதான். அதற்குத் தனி ஃபீல்டு வையுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் கட்டத்தை நிரப்புபவர்கள் 'டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்' போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுவார்கள். வடிவம் சரியாக இருக்கும், நாள் மாறிவிடும். மார்ச் 5 நள்ளிரவு என்பது யு.டி.சி.யில் மார்ச் 4 மாலை 18:30. வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து ஒட்டுங்கள். மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும்.

ஏற்கனவே இடம் மாறிப்போன பழைய தேதிகளை என்ன செய்வது? ரெக்கார்டு பதிவான நேரத்தை நான் தனி ஃபீல்டில் வைத்திருந்தது நல்லதாயிற்று. மார்ச்சில் பதிவானவர் மே 3-ல் சேர்ந்ததாக இருந்தால் அது நிச்சயம் மாறியது. ஒரு குவரியில் அவை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பின்னோக்கி மாறியவை அப்படிச் சிக்காது. 05/12 என்பது மே 12 ஆகிவிட்டால் அதுவும் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். அதற்கு நாள் 12 அல்லது அதற்குக் குறைவாக உள்ள எல்லாரையும் பிரிண்ட் எடுத்து, மஸ்டர் ரோலில் அவர்கள் பெயர் முதலில் வரும் நாளோடு ஒப்பிட்டோம். பெரியவர் படித்தார், நான் டிக் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.