நாயோடு மலையேற்றம்: கேள்வி–பதில்

பனிச்சறுக்குக் கட்டையில் நிற்பவரை நாய் இழுத்துப் போகும் விளையாட்டைக் கல்வராயன் மலையில் ஆட வழி உண்டா?
– கள்ளக்குறிச்சி வாசகர்

அது ஸ்கீஜோரிங். பனி வேண்டுமானால் குல்மார்க், அவுலி என்று இமயமலைக்குத்தான் போக வேண்டும். பனியில்லாத ஊர்களில் அதன் தம்பி கேனிக்ராஸ்: ஓடுபவரின் இடுப்பு வாரையும் நாயின் மார்புப்பட்டையையும் இரண்டு மீட்டர் அளவில் நீண்டு கொடுக்கும் கயிறு இணைக்கும். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து மண்பாதைகள் இதற்குத் தோதானவை, தார்ச்சாலை ஆகாது. கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவது மூச்சுக்குழலை நசுக்கும் வேலை. இறக்கத்தில் ஓட்டம் கிடையாது, நடைதான்.

ஐந்து மாத ராஜபாளையம் குட்டி துள்ளிக்கொண்டு ஓடுகிறது. பழக்கலாமா?
– சின்னசேலம் வாசகர்

கூடாது. எலும்பு முற்ற ஒன்றரை வயதாவது ஆகட்டும்.

எங்கள் ஹஸ்கி வீட்டில் ஏசியில்தான் இருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேகம் அருவிக்கு நடத்திக் கூட்டிப் போகலாமா? முடியை மழித்துவிட்டால் சூடு குறையுமா?
– கச்சிராயபாளையம் வாசகர்

பத்து மணி என்பது நாய் திரும்பி வந்து படுத்திருக்க வேண்டிய நேரம். நாய்க்கு மனிதனைப் போல் உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை. சூடு வெளியேறுவது பெரும்பாலும் நாக்கு வழியாக, இரைப்பால்தான். அருவிக்கரைப் புழுக்கத்தில் அதுவும் சரியாகப் பலிக்காது. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் சிறுநீரகமும் மூளையும் பழுதாகும். அதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும்: நாக்கு அகன்று தடித்துத் தொங்கும், ஈறு செக்கச்செவேலென்றாகும், எச்சில் நூல் இழுக்கும், பின்னங்கால் தள்ளாடும். ஆனால் நாய் தானாக நிற்காது. எஜமான் நடக்கும்வரை அதுவும் நடக்கும். "ஜாலியா வருது" என்று படம் பிடிப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

மழிப்பது இன்னொரு மடமை. அந்த இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும். தளர்ந்த நாயை நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். தேறியதுபோல் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். மலைக்கு ஏற்றவை சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை ரோம நாட்டு நாய்கள், அவையும் விடியற்காலையில்தான். பக் போன்ற சப்பை மூக்கு நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

கோம்பை நாயைக் காட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் பின்னாலேயே வந்துவிடும்தானே?
– சங்கராபுரம் வாசகர்

முயலைக் கண்டால் வராது. நாயை விட்டு வனவிலங்கைத் துரத்துவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதியும் தேவை. தடுப்பூசி போடாத நாய், டிஸ்டம்பர் நோயைக் காட்டின் நரிகளுக்குக் கொடுத்துவிட்டும் வரும்.

மலைக்குப் போய் வந்தாலே உண்ணி ஏறிவிடுகிறது. மண்ணெண்ணெய் தடவலாமா?
– கல்வராயன் மலை வாசகர்

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் விஷம். வீடு சேர்ந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள் மூன்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தால் வந்துவிடும். நசுக்கக் கூடாது. ஓரிரு வாரத்தில் சாப்பாடு குறைந்து, காய்ச்சல் கண்டு, மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.