பயாஸ் புதுப்பித்தல்: தேவையும் இடர்ப்பாடும் காப்பும்

முன்னுரை

கணிப்பொறி இன்று தமிழ்த்துறையின் அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆய்வேடுகள் தட்டெழுதப்படுவதும், ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்கள் சேமிக்கப்படுவதும், மாணவரின் அகமதிப்பெண்கள் பதிவாவதும் அதன்வழியே நிகழ்கின்றன. ஆயினும் அதன் உள்ளமைப்பைப் பற்றி நாம் அறிந்திருப்பது குறைவே. ‘புதிய பயாஸ் பதிப்பு வந்துள்ளது, புதுப்பிக்கலாமா?’ என்று திரை வினவும்போது, நம்முள் சிலர் எண்ணிப்பாராது ‘ஆம்’ என்று அழுத்துகின்றனர். சிலர் அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைக்கின்றனர். முன்னவரின் கணிப்பொறி ஒரு நாள் விழிக்க மறுக்கலாம். பின்னவரின் கணிப்பொறி தவிர்த்திருக்கக்கூடிய பழுதுக்கு ஆளாகலாம். எப்போது புதுப்பிக்க வேண்டும், அப்பணியில் எவ்விடர்கள் உள, அவற்றிலிருந்து காத்துக்கொள்வது எங்ஙனம் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயாஸ் என்பது யாது?

‘அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமே பயாஸ். 1970களின் நடுப்பகுதியில் கேரி கில்டால் என்பார் தாம் உருவாக்கிய சி.பி.எம். என்னும் இயக்க முறைமையில் இச்சொல்லை ஆண்டார். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியின் வழி இச்சொல் உலகெங்கும் பரவியது.

கணிப்பொறிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் செயலியாகிய பிராசசர் நாடிச் செல்லும் முதற்கட்டளை, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. நினைவகம் நலமா, விசைப்பலகை இணைந்துள்ளதா, வட்டு எங்கே இருக்கிறது என்றெல்லாம் சோதித்து, விண்டோஸ் அல்லது லினக்ஸ் முறைமையைத் தட்டியெழுப்பி, ஆட்சியை அதனிடம் ஒப்படைப்பது அவ்வெழுத்தின் பணி. ஐ.பி.எம். கணிப்பொறியில் பயாஸ் 8 கிலோபைட் அளவே கொண்டிருந்தது. இக்காலப் பலகைகளிலோ அச்சில்லு 16 மெகாபைட் அல்லது 32 மெகாபைட் கொள்ளளவு உடையது. 2005ஆம் ஆண்டுக்குப் பின் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்பு பழைய பயாசின் இடத்தைப் படிப்படியாகப் பற்றிக்கொண்டது. எனினும் கடைத்தெருவிலும் கல்லூரியிலும் அதனையும் பயாஸ் என்றே வழங்குகின்றனர். நாமும் அவ்வழக்கையே பின்பற்றுகிறோம்.

இங்கு ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம், நாளையும் நேரத்தையும் பயனர் செய்த அமைப்புகளையும் காப்பதற்கு உரியது. அதனைக் கழற்றி மாட்டினால் அமைப்புகள் மட்டுமே தொடக்கநிலைக்குத் திரும்பும். சில்லில் எழுதப்பட்ட பயாஸ் மாறாது. ‘பேட்டரியைக் கழற்றினால் பழைய பயாஸ் வந்துவிடும்’ என்று சிலர் கூறுவது பொருந்தாது.

எழுத்து மாற்றப்படும் முறை

தொடக்கக் காலத்தில் பயாஸ், மாற்றவியலாத சில்லுகளில் பொறிக்கப்பட்டது. பின்னர், மேற்புறத்தில் சிறு கண்ணாடிச் சாளரம் கொண்ட சில்லுகள் வந்தன. அச்சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்தி எழுத்தை அழித்து, மீண்டும் எழுதலாயினர். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984ஆம் ஆண்டு ஃபிளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினார். 1990களில் அது தாய்ப்பலகைகளில் பரவவே, சில்லைக் கழற்றாமல் மென்பொருள் கொண்டே பயாசை மாற்றும் வசதி ஏற்பட்டது.

ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பு யாதெனில், எழுதுமுன் அழித்தாக வேண்டும். இசுலாமிய உலகின் பல பகுதிகளில் சிறுவர்கள் மரப்பலகையில் மையால் பாடம் எழுதித் திருக்குர்ஆனை ஓதப் பழகினர். பாடம் நெஞ்சில் பதிந்து, ஆசிரியரிடம் ஒப்புவித்த பின்னரே பலகை கழுவப்பட்டு அடுத்த பாடம் எழுதப்படும். பலகை வெறுமையான வேளையிலும் பாடம் நெஞ்சில் இருந்தது. பயாஸ் சில்லுக்கோ அத்தகைய நெஞ்சு இல்லை. பழைய எழுத்து அழிந்து புதிய எழுத்து நிறைவுறாத அந்த ஓரிரு நிமிடங்களில் மின்சாரம் அறுந்தால், கணிப்பொறிக்குத் தன்னைத் தொடங்கும் வழியே தெரியாது போகும். ஏனைய மென்பொருள் பழுதுற்றால் கணிப்பொறியைக் கொண்டே சீர்செய்யலாம். பயாஸ் பழுதுற்றால் சீர்செய்யும் கருவியே செயலிழந்துவிடுகிறது. இப்பணியின் இடர் அனைத்திற்கும் வேர் இதுவேயாம்.

எளிதில் எழுதக்கூடியது எளிதில் அழிக்கவும் படும் என்பதற்கு வரலாறே சான்று. 1998ஆம் ஆண்டு பரவத் தொடங்கிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26ஆம் நாள் விழித்தெழுந்து, வட்டுகளில் இருந்த தரவைச் சிதைத்ததோடு, இடம் கிடைத்த கணிப்பொறிகளில் பயாஸ் சில்லின் எழுத்தையும் அழித்தது. அதன் பின்னரே எழுதும் உரிமையைக் கட்டுப்படுத்தும் காப்புகள் வலுப்பெற்றன.

புதுப்பிக்க வேண்டுவது எப்போது?

பயாஸ் புதுப்பித்தலுக்கான காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, புதிய உறுப்பை ஏற்பதற்கு. 1990களின் இறுதியில் 8.4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளைப் பழைய பயாஸ்கள் முழுமையாக அறியமாட்டா, புதுப்பித்தலே தீர்வாயிற்று. 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 2200ஜி, 2400ஜி செயலிகளை வெளியிட்டபோது, கடைகளில் முன்னரே இருந்த பலகைகள் பழைய பயாஸ் காரணமாக அவற்றை ஏற்கவில்லை. பயாசைப் புதுப்பிக்க வேண்டுமாயின் இயங்கும் செயலி வேண்டும். செயலி இயங்க வேண்டுமாயின் பயாஸ் புதுப்பிக்கப்பட வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க அந்நிறுவனம் வேறொரு செயலியை வாங்கியோர்க்கு இரவலாக அனுப்பிவைத்தது.

இரண்டாவது, பாதுகாப்புக் குறைகளைக் களைவதற்கு. 2018 சனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனும் குறைகள் வெளிப்பட்டபோது, செயலிக்குரிய நுண்கட்டளைத் திருத்தங்கள் பயாஸ் வழியாகவும் வழங்கப்பட்டன. ஆயின், அத்திருத்தங்களால் சில கணிப்பொறிகள் தாமே அணைந்து மீண்டும் தொடங்கலாயின. சனவரி 22ஆம் நாள் இன்டெல் நிறுவனமே அப்பதிப்புகளைப் பரப்புவதை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. விரைந்து நிறுவியோர் இடருற்றனர்.

மூன்றாவது, வன்பொருள் சிதைவதைத் தடுப்பதற்கு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணிப்பொறிச் செயலிகள் சில, மிகை மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைகுலைந்தன. இதற்கான திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் பதிப்புகளாக வந்தன. அவை நலமுள்ள செயலியைக் காக்கும். முன்னரே சிதைந்ததை மீட்கமாட்டா. இங்குக் காலந்தாழ்த்தியோர் இடருற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ‘புதியது ஆகலின் நன்று’ என்பதும், ‘ஓடுகிற வண்டியைத் தொடாதே’ என்பதும் தனித்தனியே விதியாகமாட்டா. உற்பத்தியாளர் ஒவ்வொரு பதிப்புடனும் வெளியிடும் குறிப்பைப் படித்தல் வேண்டும். அதில் கூறப்படும் திருத்தம் நம் கணிப்பொறிக்கு உரியதாயின் புதுப்பிக்கலாம். அவசரமற்ற திருத்தமாயின் சில வாரங்கள் பொறுத்துப் பிறர் பட்டறிவைக் கண்டு செய்யலாம். ‘சோதனைப் பதிப்பு’ எனக் குறிக்கப்பட்டதைப் பணிக்குரிய கணிப்பொறியில் ஏற்றலாகாது.

இடர்ப்பாடுகள்

1. மின்தடை: இதனை முன்னரே கண்டோம். யு.பி.எஸ். இருப்பது மட்டும் போதாது. அதன் மின்கலம் உயிருடன் உள்ளதா என்பதை அறிதல் வேண்டும். பல ஆண்டு கடந்த மின்கலம், மின்சாரம் நின்ற நொடியிலேயே கைவிட்டுவிடும்.

2. பொருந்தாக் கோப்பு: ஒரே பெயருடைய தாய்ப்பலகை, திருத்த எண் வேறுபட்டு வருவதுண்டு. ஒன்றுக்குரிய கோப்பு மற்றதற்குப் பொருந்தாது போகலாம். இக்காலப் பலகைகள் பல பொருந்தாக் கோப்பை மறுத்துவிடும். எனினும் பழைய பலகைகளிலும், வலிந்து எழுதும் மென்பொருள்களிலும் அக்காப்பினை நம்பவியலாது.

3. பொறுமையின்மை: புதுப்பித்தல் முடிந்ததும் கணிப்பொறி சிலமுறை தானே அணைந்து எழும். டி.டி.ஆர்.5 நினைவகம் உடையவை, அந்நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருண்ட திரையுடன் இருக்கும். ‘செத்துவிட்டது’ என்று கருதி மின்விசையை அழுத்துவோர், நலமாக இருந்த கணிப்பொறியைத் தாமே கெடுத்துவிடுகின்றனர். மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸ் புதுப்பித்தலோடு பயாசும் சேர்ந்து வருவதுண்டாகையால், அறியாமலே இவ்விடரில் சிக்குவோர் பலர்.

4. அமைப்புகள் மறைதல்: புதுப்பித்தபின் முன்செய்த அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பக்கூடும். வட்டினை அணுகும் முறை மாறிவிட்டால் விண்டோஸ் எழாது. வட்டு பழுதென்று எண்ணி அதனை அழித்து மீண்டும் நிறுவத் துணிபவர், இல்லாத நோய்க்கு மருந்து செய்து தரவை இழக்கின்றனர். பழைய அமைப்பை மீண்டும் இட்டாலே போதுமானது.

5. பூட்டப்பட்ட வட்டு: நம் போன்றோர்க்கு மிகவும் கொடியது இதுவே. அண்மைக்கால விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டு, பயனர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸ் மாறியதும் அப்பூட்டு ஐயுற்று 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கலாம். எண் இல்லையேல் கணிப்பொறி நலமாக இருந்தும் உள்ளிருக்கும் ஆய்வேட்டைத் திறக்கவியலாது. ஐந்தாண்டு உழைப்பு ஒரே வட்டில் இருப்பின், அதன் விலை கணிப்பொறியின் விலையினும் பன்மடங்கு உயர்ந்தது.

6. திரும்பவியலாமை: பாதுகாப்புக் கருதிச் சில பதிப்புகள் பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கின்றன. சில்லின் கொள்ளளவு போதாமையால், புதிய செயலிகளைச் சேர்க்கும்பொருட்டுப் பழையவற்றின் ஆதரவை நீக்கிய பதிப்புகளும் உண்டு. புதியதை ஏற்றியபின் நம் பழைய செயலியே ஏற்கப்படாத நிலையும் நேரலாம்.

காப்பு முறைகள்

முதலில், ஆவணங்கள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, பிட்லாக்கர் இயங்குகிறதா எனக் கண்டு, திறவெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டினைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் வேண்டும். பயாஸ் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்ளுதல் நன்று. செயலியின் வேகத்தை மிகைப்படுத்தியிருந்தால் அதனை இயல்புநிலைக்குக் கொணர்தல் வேண்டும்.

கோப்பினை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து மட்டுமே பெறுதல் தகும். பலகையில் அச்சிடப்பட்ட பெயரையும் திருத்த எண்ணையும் நேரிற்கண்டு ஒப்பிடுதல் வேண்டும். சுவடியைப் படியெடுத்தவர் மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிய பின்னரே படியை ஏற்பர். அதுபோல், உற்பத்தியாளர் சரிபார்ப்பு எண் தந்திருப்பின் கோப்பை அதனுடன் ஒப்பிட்டு, வழியில் சிதையவில்லை என்பதை உறுதிசெய்யலாம். நீண்டகாலம் புதுப்பிக்காத பலகையாயின், இடைப்பட்ட பதிப்பொன்றை முதலில் ஏற்ற வேண்டுமா என்பதையும் குறிப்பில் காணலாம். பின்னர்க் கோப்பைப் பென்டிரைவில் இட்டு, பயாசுக்குள்ளேயே உள்ள புதுப்பிக்கும் வசதியைப் பயன்படுத்துதல் சாலச் சிறந்தது. பல நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோசிலிருந்து செய்வதைவிட இதில் இடையூறு குறைவு. மடிக்கணிப்பொறியாயின் மின்கலம் நிறைந்தும் மின்னிணைப்பு பொருந்தியும் இருத்தல் வேண்டும். பருவமழை இடிமின்னலின்போதும், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளிலும் இப்பணியைத் தொடங்கலாகாது.

பழுதுற்றபின் மீட்பு

பழுதுற்ற பலகைகள் அனைத்தும் குப்பைக்குரியன அல்ல. சில பலகைகளில் இரண்டு பயாஸ் சில்லுகள் உள்ளன. ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். சிலவற்றில், செயலியின் துணையின்றியே பென்டிரைவிலிருந்து பயாசை எழுதும் தனிப்பொத்தான் உண்டு. புதிய பலகை வாங்குவோர் இவ்வசதியைக் கேட்டு வாங்குதல் அறிவுடைமை.

இவையிரண்டும் இல்லையெனில், புரோகிராமர் என்னும் சிறு கருவியால் சில்லில் நேரடியாக எழுதலாம். கைதேர்ந்த பழுதுபார்ப்போர் இதனை அன்றாடம் செய்கின்றனர். ஆயினும் இரு செய்திகளை அவரிடம் வினவுதல் வேண்டும். 1.8 வோல்ட் சில்லுக்கு 3.3 வோல்ட் மின்னழுத்தம் தந்தால் சில்லு கெடலாம். மேலும், மடிக்கணிப்பொறிகளில் வரிசை எண், விண்டோஸ் உரிம எண் போன்றவை பெரும்பாலும் அதே சில்லில் இருக்கும். வேறொரு கணிப்பொறியின் படியை அப்படியே எழுதினால் அவை மறைந்துபோகும். ஆகவே, பழுதுற்ற நிலையிலும் முதலில் உள்ளதைப் படியெடுத்துக்கொண்டு, அதன்பின் எழுதுமாறு கேட்டல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பயாஸ் புதுப்பித்தலில் நேரும் இழப்புகளிற் பல எழுதும் நிமிடங்களில் அன்று, அதற்கு முன் செய்யாது விட்டவற்றாலும் அதன்பின் பொறுக்காது செய்தவற்றாலும் விளைகின்றன என்பது தெளிவாகும். காரணம் அறிந்து தொடங்குதலும், திரும்பும் வழியை முன்னரே அமைத்துக்கொள்ளுதலும் இப்பணிக்கு இன்றியமையாதன.

துறைக் கணிப்பொறி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதனுள் இருக்கும் மாணவரின் மதிப்பெண்ணும் ஆய்வாளரின் பக்கங்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே ஒவ்வொரு துறையும் ஒரு பதிவேடு வைத்தல் நலம். தாய்ப்பலகையின் பெயர், திருத்த எண், இப்போதுள்ள பயாஸ் பதிப்பு, புதுப்பித்த நாள், அதற்கான காரணம், படிகள் வைக்கப்பட்ட இடம் ஆகியவற்றை அதில் எழுதலாம். மீட்புத் திறவெண்ணை மட்டும் உறையிலிட்டு முத்திரையுடன் தனியே பூட்டி வைக்கலாம். அடுத்து அப்பொறுப்பை ஏற்பவர் தடுமாறாதிருக்க அப்பதிவேடு துணைநிற்கும்.