இரு கிடார்களும் ஓர் ஒலிபெருக்கியும்

கிடாருக்கு ஒலிபெருக்கி வாங்கும் பேச்சு எழுந்தவுடன், "எத்தனை வாட்?" என்றுதான் நம்மில் பலர் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது, எந்தக் கிடாருக்கு என்பது. நம் பாடற்குழுவிலோ இரு வகையும் உண்டு. திருப்பலிக்கு மரக்கூட்டுக் கிடார். ஆண்டு விழா மேடைக்கு மின்கிடார். கையிலுள்ள பணமோ ஒன்றுக்குத்தான் போதும்.

மின்கிடாரின் தந்திகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது! நைலான் தந்தியிடம் இந்த வித்தை பலிக்காது. கட்டை மரத்தாலான இக்கிடாருக்குத் தனியே குரல் மிகக் குறைவு. பாதிக் குரலை ஒலிபெருக்கியே தருகிறது. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஒலிபெருக்கி, அமெரிக்காவின் பெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்யப்பட்டது. பாஸ்மேன் பிறந்தது பாஸ் கிடாருக்காக! அதன் ஒலியைக் கூட்டினால் சுரம் சற்றே உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பையே கலைஞர்கள் விரும்பினர். இவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் இருக்கும். ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேல் அதன் ஒலி விரைவாகத் தேய்ந்துவிடும்.

மரக்கூட்டுக் கிடாரின் கதை வேறு. அதில் பெரும்பாலும் தந்திகள் அழுந்தும் பாலத்தின் அடியில் ஓர் அழுத்தமின் பட்டை இருக்கும். அழுத்தம் மாற மாற மின்னழுத்தமும் மாறும். இதற்கு வாய்த்த ஒலிபெருக்கி தன் பங்காக எதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே உச்ச ஒலிகளுக்கென ட்வீட்டர் என்னும் சிறு ஸ்பீக்கரையும் வைத்திருப்பார்கள். இக்கிடாரை மின்கிடார்ப் பெட்டியில் செருகினால் கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். மாற்றிச் செருகினாலோ மின்கிடாரின் ஒலி மெலிந்து, கரகரப்பு குளவி இரைச்சலாகிவிடும்.

இனி வாட் கணக்கு. 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் என்றால் இரு மடங்கு சத்தம் என்று எண்ண வேண்டாம். கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதைவிடப் பெருந்தொல்லை ஊளைச் சத்தம். ஸ்பீக்கரின் ஒலி கிடாரின் கூட்டை மீண்டும் அதிரச் செய்வதால் வருவது அது. பெட்டிக்கு நேர் எதிரே அமராமல் விலகி அமர்வதும், ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பதும் நல்ல பலன் தரும்.

எங்கள் முடிவு இதுதான்: மைக்குக்குத் தனி வழியும் கிடாருக்குத் தனி வழியும் உள்ள, மரக்கூட்டுக் கிடாருக்குரிய பெட்டியே வேண்டும். திருப்பலியில் பாடலின் சொற்கள் கேட்காமற்போனால் கிடார் எதற்கு? மின்கிடார் வாசிக்கும் தோழிக்கு இதில் மனக்குறை இருக்கும், அது நியாயமானதே. ஸ்பீக்கரின் தன்மையைப் போலச் செய்யும் மிதிபெட்டி ஒன்றை இடையில் வைத்தால் அக்குறை பெருமளவு தீரும், முழுவதும் தீராது.

கடைக்குச் செல்லும்போது நம் இரு கிடார்களையும், பாடும் ஒருத்தியையும் அழைத்துச் செல்வோம். மூன்று முனைப் பிளக்கும் எர்த்தும் சரியாக உள்ளனவா எனப் பார்ப்போம். பூசை முடிந்ததும் கிடாரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அது செருகியிருக்கும்வரை உள்ளேயுள்ள 9 வோல்ட் பாட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிறு வருகைப் பாடலுக்குக் கிடார் ஊமையாகிவிடும்.