ஒரு பல்பு மாத்த மெயினை அணைக்காதே

ராத்திரி பதினொன்றரைக்கு, "அக்கா, கிட் என்னை காமிட் பண்ண விடமாட்டேங்குது"ன்னு போன் பண்றியே, அதுல பாதி காமிட்டுக்குக் கையெழுத்து போடுற செட்டிங் பிரச்சினைதான். மீதிப் பாதி தூக்கக் கலக்கம். உனக்கும் வேலை கிடக்கு, எனக்கும் கிடக்கு. சட்டுனு கேட்டுக்கோ.

1. ஜிபிஜி கீயோட மல்லுக்கட்டாதே. 2021-ல் வந்த கிட் 2.34-லேர்ந்து எஸ்எஸ்ஹெச் கீயே போதும். ஜிபிஜி.ஃபார்மட்டுக்கு 'எஸ்எஸ்ஹெச்'னு கொடு, யூசர்.சைனிங்கீயில உன் பப்ளிக் கீ இருக்கிற இடத்தைக் காட்டு. கிட்ஹப்ல அதே கீயை 'சைனிங் கீ'ன்னு தனியா இன்னொரு தடவை சேர்க்கணும். இதைச் செய்யாம "வெரிஃபைடுன்னு வரலையே"ன்னு வந்து நிக்காதே.

2. காமிட்.ஜிபிஜிசைனை குளோபல்லயே 'ட்ரூ' ஆக்கு. "ஒவ்வொரு காமிட்டுக்கும் நானே -எஸ் போட்டுக்கறேன்"னு சொன்னவங்க யாரும் மூணு நாள் தாண்டினதில்ல. டேக்குக்கு டேக்.ஜிபிஜிசைன் தனி. ரிலீஸ்ல ஊர் பார்க்கிறது டேக்கைத்தான், அதை விட்டுடாதே.

3. ஆபீசுக்கு ஒரு கீ, சொந்த வேலைக்கு ஒரு கீயா? இன்க்ளூட்இஃப் வை.
   - ஃபோல்டர் பேர் கடைசியில சாய்கோடு போடு. இல்லேன்னா உள்ள இருக்கிற ரெப்போவெல்லாம் அதுல சேராது.
   - அந்த வரியை ஃபைலோட அடியில வை. ஒரே செட்டிங் ரெண்டு தடவை வந்தா, கடைசியா வந்ததுதான் செல்லும்.

4. இப்பதான் நல்லா திட்டப்போறேன். ரீபேஸ் பண்றப்போ ஒவ்வொரு காமிட்டும் புதுசா உருவாகும், ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து போடும். செக்யூரிட்டி கீ வெச்சிருந்தா அதைத் தொட்டுத் தொட்டு விரல் நோகும். உடனே குளோபல்ல போய் 'ஃபால்ஸ்' போடுறது ஒரு பல்பு மாத்த மெயினை அணைக்கிற கதை. நானும் ஒரு காலத்துல அணைச்சேன். திரும்பப் போட மறந்து மூணு வாரம் கையெழுத்தே இல்லாம தள்ளியிருக்கேன். அந்த ஒரு கமாண்டோட மட்டும் --நோ-ஜிபிஜி-சைன் சேர்த்துக்கோ. முடிச்சதும் தானா போயிடும், ஞாபகம் வெச்சுக்க ஒண்ணுமில்ல.

   ஒரு ரெப்போவுக்கே வேண்டாம்னா அந்த ரெப்போவோட லோக்கல் கான்ஃபிக்ல மட்டும் அணை.

5. டூல் எழுதுற பிள்ளைகளுக்கு: ஆன், ஆஃப்னு ரெண்டோட நிறுத்தாதீங்க. ஜுஜுட்சுங்கிற வெர்ஷன் கன்ட்ரோல் டூலைப் பாருங்க. ட்ராப், கீப், ஓன், ஃபோர்ஸ்னு நாலு வழி வெச்சிருக்காங்க. 'ஓன்' உன் காமிட்டை மட்டும் தொடும், 'ஃபோர்ஸ்' அடுத்தவர் எழுதினதுலயும் உன் கையெழுத்தைப் போடும். ஜுஜுட்சுல வேலை நடுவுல காமிட் மாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு மாத்தத்துக்கும் கையெழுத்துன்னா யார் தாங்குவா? அதனால புஷ் பண்றப்போ மட்டும் போடுன்னும் ஒரு செட்டிங் இருக்கு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

6. சிஐ மெஷின்ல உன் சொந்தக் கீயை காப்பி பண்ணாதே. ஏன்னு கேட்டா அடிப்பேன்.

7. எதுவும் புரியலையா? எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி கிட் கான்ஃபிக்கை --லிஸ்ட் --ஷோ-ஆரிஜினோட ஓட்டு. எந்த ஃபைல்லேர்ந்து எந்த மதிப்பு வருதுன்னு அதுவே காட்டிடும்.